நோ லாகின் என்றால் கதவு திறந்திருக்கிறது

ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் பையன் ஒருவன் எங்கள் டீமில் இருக்கிறான். சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் பெங்களூர் பீன்யாவில் ஒரு பட்டறையில் புது நெட்வொர்க் சுவிட்ச், அதாவது கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி, மாட்டிவிட்டு, அதன் கான்ஃபிகை (அதில் போட்ட கட்டளைகளின் பட்டியலை) எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். (கான்ஃபிகை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே என்று அவனிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்பது தனிக் கதை.) எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கடைசியில் வந்த இரண்டு வரியில் கண் நின்றுவிட்டது. லைன் விடிஒய் 5 15 (தூரத்திலிருந்து சுவிட்சுக்குள் நுழைகிற வாசல்களில் 5 முதல் 15 வரை). அதற்குக் கீழே, நோ லாகின்.

போன் போட்டேன். "இது என்னடா?"

"முதல் அஞ்சு லைன் போதும்லணா. மிச்சத்தை மூடிட்டேன்."

அவனைத் திட்ட வாய் வரவில்லை. லாகின் கிடையாது என்று எழுதிவைத்தால் யாரும் உள்ளே வர முடியாது என்றுதான் எந்த மனிதனும் புரிந்துகொள்வான். சிஸ்கோ சுவிட்சை ஓட்டும் ஐஓஎஸ் என்ற மென்பொருள் மட்டும் அதை வேறு விதமாகப் படிக்கிறது. அதற்கு லாகின் என்றால் "வருகிறவனிடம் பாஸ்வேர்டு கேள்" என்று அர்த்தம். நோ லாகின் என்றால் "கேட்காதே, விடு". பூட்டுப் போட்டதாக நினைத்த பதினொரு லைனையும் பையன் விரியத் திறந்து வைத்துவிட்டான். மூட வேண்டுமென்றால் டிரான்ஸ்போர்ட் இன்புட் நன் என்று போட்டிருக்க வேண்டும்.

"எனேபிள் சீக்ரெட் இருக்கேணா" என்றான். மாற்றம் செய்யும் முன் கேட்கிற இரண்டாவது பாஸ்வேர்டு அது. இருக்கிறதுதான். அப்படி நுழைந்தவன் எதையும் மாற்ற முடியாது. ஆனால் பக்கத்தில் இருக்கிற சுவிட்சுகளின் பெயர், ஐபி முகவரி, மாடல் எல்லாவற்றையும் சிடிபி (சிஸ்கோ பெட்டிகள் தங்களை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் முறை) வழியாக உட்கார்ந்து படிக்கலாம். அங்கிருந்தே அடுத்த சுவிட்சுக்கு டெல்நெட் (தூரத்திலிருந்து நுழையும் பழைய வழி) அடித்துப் பார்க்கலாம். வீட்டுக்குள் போக முடியாவிட்டாலும் திண்ணையில் படுத்துக்கொண்டு தெருவையே வேவு பார்க்கலாம்.

இந்தத் தொழிலில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். தருமபுரியிலிருந்து வந்து முருகேஷ்பாளையாவில் ஒரு அறையில் மூன்று பேரோடு தங்கியிருந்த நாளிலிருந்து. ஒரு சுவிட்சுக்குத் தூரத்திலிருந்து லாகின் கொடுப்பது மொத்தமே பத்துப் பன்னிரண்டு வரி வேலை. எல்லோரிடமும் ஒரு நோட்பேட் ஃபைல் இருக்கும், காப்பி, பேஸ்ட், முடிந்தது. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பன்னிரண்டு வரியில் ஒவ்வொன்றும் ஒரு தனி முடிவு என்பது எனக்கு உறைக்க ஒரு ராத்திரியில் பொம்மசந்திரா வரைக்கும் பைக்கில் போக வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டப்பாவிலிருந்து எடுத்த புது சுவிட்சுக்குள் நேராக நெட்வொர்க் வழியாக நுழைய முடியாது. முதலில் கன்சோல், அதாவது பெட்டியிலேயே நேராகக் கம்பி மாட்டும் வாசல். வெளிர்நீலத்தில் தட்டையான கேபிள் ஒன்று அதற்கென்று இருக்கிறது. ஒரு முனை சுவிட்சுக்கு, மறுமுனை சீரியல் போர்ட்டுக்கு. இந்தக் காலத்து லேப்டாப்பில் சீரியல் போர்ட் எங்கே இருக்கிறது? அதனால் யுஎஸ்பி கன்வெர்ட்டர் வேண்டும். என் முதல் கன்வெர்ட்டரை எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள், உள்ளே இருந்த சிப் போலி என்று கண்டுபிடித்து டிரைவர் வேலை செய்ய மறுத்துவிட்டது. கடைக்குத் திரும்பப் போனேன். கடைக்காரர் வேலூர்ப் பக்கம். "ஒரிஜினல் வேணும்னா முதல்லயே ஒரிஜினல்னு கேட்டிருக்கணும் தம்பி" என்றார். நியாயம்தான். அன்று ஒரிஜினல் என்று கேட்டு வாங்கியது இன்னும் என் பையில் இருக்கிறது. கன்சோலோடு பேச 9600 வேகம், 8 டேட்டா பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். இந்த எண்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

கன்சோல் ஒரே ஒரு ஆள் நிற்கக்கூடிய வாசல். விடிஒய் அப்படியில்லை. டிடிஒய் என்பது டெலிடைப் என்கிற பழைய தட்டச்சு இயந்திரத்தின் சுருக்கம். ஒரு காலத்தில் கணினியோடு பேச அதைத்தான் கம்பி போட்டு இணைத்தார்கள். இயந்திரம் போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. விடிஒய் என்றால் அந்த இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொள்வது, அவ்வளவுதான். பெரும்பாலான சுவிட்சில் இப்படிக் கற்பனை நாற்காலிகள் 0 முதல் 15 வரை மொத்தம் பதினாறு. ஆனால் கான்ஃபிகில் அவை 0 முதல் 4 வரை ஒரு கட்டாகவும், 5 முதல் 15 வரை இன்னொரு கட்டாகவும் பிரிந்து தெரியும். நம்மவர்களின் நோட்பேட் ஃபைலில் பெரும்பாலும் முதல் கட்டு மட்டும்தான் இருக்கும். வருகிறவர் எந்த நாற்காலியில் உட்காருவார் என்பது நம் கையில் இல்லை. காலியாக இருப்பதில் உட்காருவார். ஆகவே பதினாறுக்கும் ஒரே சட்டம் போட வேண்டும். பையன் மாட்டிக்கொண்டதும் இங்கேதான்.

ஒன்று சொல்ல வேண்டும். தொடக்கத்தில் சுவிட்ச் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கிறது. எல்லா விடிஒய்யிலும் லாகின் என்று இருக்கும், பாஸ்வேர்டு மட்டும் இருக்காது. டெல்நெட் அடித்தால், பாஸ்வேர்டு தேவை, ஆனால் வைக்கப்படவில்லை என்று ஒரு வரியைச் சொல்லிவிட்டு முகத்தில் அறைந்தாற்போல் இணைப்பைத் துண்டித்துவிடும். புதிதாக வருகிறவர்கள் இதைக் கண்டு எரிச்சலாகி, கூகுளில் தேடி, நோ லாகின் போட்டதும் வேலை செய்வதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். நானும் லேபில் செய்திருக்கிறேன்.

அப்புறம் முகவரி. சுவிட்சின் போர்ட்டுக்கு ஐபி கொடுப்பதில்லை, விலானுக்கு (ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்குக்கு) கொடுக்கிறோம். இன்டர்ஃபேஸ் விலான், ஐபி, நோ ஷட்டவுன். இதோடு நிறுத்திவிட்டால் அதே நெட்வொர்க்கில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து அழகாக வேலை செய்யும், அடுத்த கட்டடத்திலிருந்து அடித்தால் பதிலே வராது. வெளி நெட்வொர்க்குக்கு வழி சொல்லும் டீஃபால்ட் கேட்வே விட்டுப்போயிருக்கும். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எல்லோரும் ஒரு தடவை மறப்பார்கள்.

டெல்நெட்டா எஸ்எஸ்எச்சா என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் தூரத்திலிருந்து நுழையும் வழிதான்; டெல்நெட் எல்லாவற்றையும் அப்படியே அனுப்பும், எஸ்எஸ்எச் பூட்டி அனுப்பும். தொழிற்சாலைகளுக்குப் போனால் தெரியும். "உள் நெட்வொர்க்தானே சார், யார் பாக்கப் போறா?" இப்படிக் கேட்ட ஒரு மெயின்டெனன்ஸ் மேனேஜரை ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்தேன். நெட்வொர்க்கில் ஓடுவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, அவரையே டெல்நெட்டில் நுழையச் சொன்னேன். பிறகு அந்த உரையாடலை மட்டும் பிரித்துக் காட்டினேன். அட்மின் என்ற பெயர் ஏ ஏ, டி டி, எம் எம், ஐ ஐ, என் என் என்று எழுத்துக்கு எழுத்து இரட்டையாகத் திரையில் நின்றது. அவர் அடித்த எழுத்து ஒன்று, அதை வாங்கிக்கொண்ட சுவிட்ச் திருப்பிச் சொன்ன எதிரொலி ஒன்று. பாஸ்வேர்டுக்கு மட்டும் எதிரொலி கிடையாது. அது ஒற்றையாக, சுத்தமாக, கீழே தெரிந்தது. மனிதர் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பாஸ்வேர்டில் அவர் மகள் பெயர் இருந்தது.

டெல்நெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் வேர் 1969-இல் இருக்கிறது; இன்றைய வடிவத்தை 1983-இல் எழுதிவைத்தார்கள். நெட்வொர்க்கில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த காலம். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ புகுந்து பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுச் சேர்த்தபோதுதான், அங்கே ஆராய்ச்சியில் இருந்த டாட்டு இலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். நெட்வொர்க்கில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு எண் உண்டு. கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலியாகக் கிடந்தது. எண் ஒதுக்குகிறவர்களுக்கு எழுதிக் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கதை பிடிக்கும். நம் ஊரில் 22 என்று ஒரு ஃபேன்சி நம்பரை இவ்வளவு சுலபத்தில் வாங்க முடியுமா?

டெல்நெட்டை மூட இன்னொரு காரணத்தை 2017 மார்ச்சில் சிஸ்கோவே கொடுத்தது. டெல்நெட் வழியாகப் பாஸ்வேர்டு எதுவும் இல்லாமலே சுவிட்சைக் கைப்பற்றக்கூடிய ஓட்டை ஒன்று 300-க்கும் மேற்பட்ட மாடல்களில் இருப்பதாக அறிவித்தது. திருத்திய மென்பொருள் வரும்வரை டெல்நெட்டை நிறுத்திவையுங்கள் என்பதுதான் அன்றைக்குச் சொன்ன பரிகாரம். அந்த வாரம் நாங்கள் யாரும் வீட்டில் சாப்பிடவில்லை.

எஸ்எஸ்எச் வைக்க வேண்டுமென்றால் சுவிட்சுக்கு ஒரு பெயர், ஒரு டொமைன் பெயர், அப்புறம் பேச்சைப் பூட்டி அனுப்ப ஆர்எஸ்ஏ என்கிற வகைச் சாவி. பெயர் எதற்கு என்று பலருக்குக் குழப்பம். சாவிக்குப் பெயர் வைப்பதே இந்த இரண்டையும் ஒட்டித்தான். சுவிட்ச் என்ற பிறவிப் பெயரை மாற்றாமல் சாவி செய்யச் சொன்னால் மறுத்துவிடும். சாவி நீளம் எத்தனை பிட் என்று கேட்கும்போது எண்டரைத் தட்டாதீர்கள். பழைய ஐஓஎஸ்ஸில் அது தானாக எடுத்துக்கொள்வது 512. எஸ்எஸ்எச் இரண்டாம் பதிப்புக்கு 768-ஆவது வேண்டும். 2048 என்று கையால் அடியுங்கள். பழைய சுவிட்ச் யோசித்து யோசித்துச் செய்யும், அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். சாவி செய்யும் கட்டளையின் முதல் சொல்லான கிரிப்டோவையே தெரியாது என்று சுவிட்ச் அடம்பிடித்தால், அதில் இருக்கும் ஐஓஎஸ் கோப்பின் பெயரில் கே9 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் எஸ்எஸ்எச் வராது.

பயனர் பெயர் வைக்கும்போது பாஸ்வேர்டு என்ற சொல்லைப் போடாமல் சீக்ரெட் என்று போட வேண்டும். பாஸ்வேர்டு என்று போட்டுவிட்டு, சர்வீஸ் பாஸ்வேர்டு என்கிரிப்ஷன் என்ற கட்டளையை நம்பி இருக்கிறவர்கள் உண்டு. அது வைக்கிற ஏழாம் வகைப் பூட்டு, தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறவருக்கு மட்டும்தான் பூட்டு. அதைத் திறந்து காட்டும் பக்கங்கள் இணையத்தில் எத்தனையோ. வாட்ஸ்அப்பில் கான்ஃபிக் அனுப்பாதே என்று கத்துவது இதற்காகத்தான். கடைசியில் விடிஒய்யில் லாகின் லோக்கல், டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச். லோக்கல் என்ற சொல்லை விட்டால் சுவிட்ச் பயனர் பட்டியலையே பார்க்காது.

இனி அந்த ராத்திரி.

மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை. மறுநாள் காலை 6 மணி ஷிஃப்டுக்குப் புதிய பார்கோடு ஸ்கேனர்கள் வருகின்றன, அதற்கான விலானை ராத்திரியே போட்டு வைக்க வேண்டும். வீட்டிலிருந்து அலுவலக விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான பாதை) வழியாக உள்ளே போயிருந்தேன். போன கையோடு இன்னொரு நல்ல காரியமும் செய்வோம் என்று தோன்றியது. எங்கள் அலுவலக நெட்வொர்க்கிலிருந்து மட்டும் அந்த சுவிட்சுகளுக்குள் நுழைய முடியும்படி ஒரு ஆக்சஸ் லிஸ்ட் எழுதி, ஆக்சஸ் கிளாஸ் என்று விடிஒய்யில் கட்டுவது. பகலில் அலுவலகத்தில் உட்கார்ந்து நான்கு சுவிட்சில் அதைச் செய்திருந்தேன். ஐந்தாவது இது.

பதினாறு லைனுக்கும் கட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. சுவிட்சோடு பேசிக்கொண்டிருந்த என் திரை ஜன்னல் அப்படியே உயிரோடு இருந்தது, கட்டளைக்குப் பதில் வந்தது. சேமிக்கும் கட்டளையான ரைட் மெமரி அடித்தேன். எக்ஸிட். விலான் வேலைக்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி இணைத்தேன். இணைப்பு மறுக்கப்பட்டது.

வீட்டில் இருக்கும்போது விபிஎன் எனக்குக் கொடுக்கும் முகவரி வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது. அது நான் எழுதிய பட்டியலில் இல்லை. பட்டியலின் கடைசியில், கண்ணுக்குத் தெரியாமல், மற்ற எல்லோரையும் தடு என்ற வரி எப்போதும் இருக்கும். ஆக்சஸ் கிளாஸ் புதிதாக வருகிறவர்களைத்தான் வாசலில் நிறுத்தும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரைப் பிடித்து வெளியே தள்ளாது. அதனால்தான் என் ஜன்னல் சாகவில்லை. அது உயிரோடு இருந்ததையே எல்லாம் சரி என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். உள்ளே நின்றுகொண்டு பூட்டைச் சோதித்த புத்திசாலி.

பக்கத்து சுவிட்ச் ஒன்றின் வழியாக நுழையப் பார்த்தேன். அதன் முகவரியும் பட்டியலில் இல்லை. அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஏதாவது உண்டா என்று பார்த்தேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லி நான்தான் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லியிருந்தேன்.

பேண்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி எழுந்துவிட்டாள். "எங்க கிளம்புறீங்க இந்நேரத்துல?"

"சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டேன்."

"எங்க?"

"பொம்மசந்திராவில."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சில்க் போர்டு சந்திப்பை ஒரு நிமிடத்தில் கடந்தேன் என்று சொன்னால் பெங்களூர்வாசிகள் யாரும் நம்பமாட்டார்கள். ராத்திரி 12.20. அந்தப் பயணத்தில் கிடைத்த ஒரே சுகம் அதுதான். ஓசூர் ரோட்டில் மணல் லாரிகளுக்கு நடுவே, குளிரில் விரல் மரத்துப்போய் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. கேட்டில் இருந்த செக்யூரிட்டி திருப்பத்தூர்க்காரர். நான் தமிழில் பேசியதும் பதிவேட்டை நீட்டிவிட்டு, "ஏதாவது பெரிய பிரச்சினையா சார்?" என்று கவலையோடு கேட்டார். நைட் ஷிஃப்ட் ஃபிட்டரிடமிருந்து சாவி வாங்கிவந்து கூடவே வந்தார்.

ஸ்டோர் ரூம் மூலையில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், தலைக்கு மேலே ரேக். ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். எஸ்.பி. ரோடு கன்வெர்ட்டர், நீலக் கேபிள். கேபிள் மேலே எட்டவில்லை. செக்யூரிட்டி லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் நின்றபடியே எண்டரை இரண்டு முறை தட்டினேன். கன்சோலுக்கு ஆக்சஸ் கிளாஸ் தெரியாது. சுவிட்சின் பெயர் திரையில் வந்தபோது சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது. பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, விபிஎன் வழியாக இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்தேன். விட்டது. விலானையும் அங்கேயே நின்றபடி போட்டு முடித்தேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் இருக்கும்.

"அவ்வளவுதானா சார்?" என்றார் செக்யூரிட்டி. கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அன்றிலிருந்து தூரத்து சுவிட்சில் கை வைக்கும் முன் என் முதல் கட்டளை ரீலோடு இன் 10. பத்து நிமிடத்தில் உன்னை நீயே ரீஸ்டார்ட் செய்துகொள் என்று அர்த்தம். சேமிக்காத மாற்றங்கள் போய், பழைய கான்ஃபிகோடு எழுந்து வரும். பூட்டிக்கொண்டாலும் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். இதில் இரண்டு பொறி உண்டு. நடுவில் ரைட் மெமரி அடித்துவிட்டால் தப்பான கான்ஃபிகோடுதான் எழுந்து வரும். எல்லாம் சரியாக முடிந்து, ரீலோடு கேன்சல் போட மறந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்ச் நட்டநடுவே விழுந்து எழும். அதிலிருந்து மின்சாரம் வாங்கும் கேமராக்களும் போன்களும் கூடவே விழும். சிஸ்கோவுக்குப் போட்டியான ஜூனிப்பர் பெட்டிகளில் வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. அவர்களிடம் கமிட் கன்ஃபர்ம்டு இருக்கிறது. உறுதி செய்யாவிட்டால் மாற்றம் தானாகவே பின்வாங்கும், பெட்டி விழ வேண்டியதில்லை. ஐஓஎஸ்ஸிலும் பழைய கான்ஃபிகைச் சேர்த்துவைக்கும் ஆர்க்கைவ் அமைத்துவைத்தால் ரிவர்ட் டைமர் என்று கிட்டத்தட்ட அதையே செய்யலாம். அமைத்துவைத்திருக்கும் தொழிற்சாலையை நான்தான் இன்னும் பார்க்கவில்லை.

பீன்யா விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மாலை பையன் அலுவலகத்திலிருந்தே அந்தப் பதினொரு லைனையும் சரிசெய்தான். அப்படியே ஆக்சஸ் கிளாஸும் கட்டச் சொல்லியிருந்தேன். எனக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினான். ரீலோடு இன் 10 முதலில். பிறகு ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே அடித்தான்.

"ரெண்டாவது ஜன்னல் திறந்துடுச்சுணா. விபிஎன்ல இருந்தும் பாத்துட்டேன், உள்ள விடுது. சேவ் பண்ணிட்டேன். முதல் ஜன்னலை மூடிடட்டுமா?"

"மூடு. ரீலோடு கேன்சல் போட்டியா?"

பதில் வரவில்லை. கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது, படபடவென்று.